நான் அழித்த நிறம்

மார்ச் 4
அவர் போய் இருபத்தாறு நாள். நர்ஸ் வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணப் படங்களுக்காக இன்று அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். எடுத்தவரும் அவர், நிறம் சரிசெய்து முடித்தவரும் அவர். ஆல்பம் போடும் லேப்காரருக்கு அனுப்புவதுதான் பாக்கி. இடமில்லை, இடமில்லை என்று கம்ப்யூட்டர் ஒரே அழிச்சாட்டியம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு குட்டி ஃபைல். தட்டினால் படம் வரவில்லை, ஏதோ எழுத்தாக ஓடியது. குப்பை என்று அத்தனையும் அழித்தேன். வீடு பெருக்கின மாதிரி இருந்தது.

மார்ச் 5
படமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. என்ன செய்தேன் நான்?

மார்ச் 6
லேப்காரர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அக்கா, கேமரா எடுத்த ரா ஃபைல் பத்திரமா இருக்கு. அது உப்பு போடாத சமையல் மாதிரி. அண்ணன் ஏத்தின நெறம், வெளிச்சமெல்லாம் அந்தக் குட்டி ஃபைல்லதான் இருந்துச்சு."
கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில் இருக்குமே என்றார். அதையும் காலி செய்துவிட்டேன் என்றேன்.
அவரு கடைசியா உக்காந்து செஞ்ச வேலை. நானே தொடச்சுப் போட்டுட்டேன். படிச்சவளா இருந்தா யாரையாவது கேட்டிருப்பேனோ — இல்ல, அப்பவும் பெருக்கித்தான் இருப்பேனோ?

மார்ச் 9
நாத்தனாரிடம் சொல்லவில்லை. அண்ணன் என்றால் அவளுக்கு உயிர்.
திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை இழுக்க லேப்காரர் சொல்லிக்கொடுத்தார். எப்படி இழுத்தாலும் உள்ளே இருக்கிற படம் கெடாதாம். இழுத்தேன். கல்யாணப் பெண் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆனாள்.

மார்ச் 10
எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். நாலு படம் முடிந்தது.

மார்ச் 17
எல்லார் முகத்தையும் அவர் வெளுப்பாக்குவார். அதற்குச் சண்டையே போட்டிருக்கிறேன். இந்தப் பெண் கறுப்பு. அவர் மாதிரியே செய்யப் பார்த்தேன். கை போகவில்லை. அவள் நிறத்திலேயே விட்டேன்.

மார்ச் 24
நாத்தனார் திரையில் பார்த்தாள். "அண்ணன் கை அண்ணன் கைதான், அண்ணி" என்று அழுதாள். இரண்டு தரம் சமையலறைக்குப் போய் ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தேன்.

மார்ச் 25
நர்ஸ் பெண் தன் அம்மாவோடு வந்தாள். கொஞ்சம் வெளுப்பாக்கக் கூடாதா என்றார் அம்மா. பெண் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இருக்கட்டும்மா. நான்தானே இது."
கடைசிப் பக்கத்தில் சார் பெயரைப் போடச் சொன்னாள். அப்போது சொல்லிவிட்டேன் — அழித்தது, திரும்பச் செய்தது எல்லாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 26
லேப்காரருக்குக் கடைசிப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். படம் என்று போட்டு அவர் பெயர். நிறம் என்று போட்டு என் பெயர். நாத்தனாரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.