இடப்பக்கம் இல்லாத கோலம்

என் பிரியமான லலிதாக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் தலைவலி கிடையாது என்று நம்பித்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே மாரெட்பள்ளியில் உன் வாசலில் இப்போது யாரும் கோலம் போடுவதில்லை. அத்தான் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

உனக்கு ஒரு சேதி. மூளைப் புற்றுநோய் யாருக்கு வருகிறது, வந்தவர்களில் யார் தாங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி தார்நாகாவிலிருந்து வந்திருந்தாள். தமிழ்ப் பெண்தான். அத்தான் என்னையும் கூப்பிட்டிருந்தார், காபி போட.

நம் வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, சின்ன வயதில் உனக்குத் தலையில் ரேடியேஷன் கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டாள். செல்போன் என்றதும் அத்தானுக்கு உற்சாகம். "ஹவ், ஆமா, அதான் காரணம். எப்பப் பாரு தங்கச்சிகூடப் பேச்சு." காரணம் நானாம், அக்கா. போன்தான் என்று உறுதியாகவில்லை, பலருக்கும் காரணமே தெரிவதில்லை என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

முதல் அறிகுறிக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் எவ்வளவு காலம் என்று கேட்டாள். ஒரு வாரம்தான், ஃபிட்ஸ் வந்ததுமே தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றார் அத்தான்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஃபிட்ஸுக்கு மூன்று மாதம் முன்னால், மார்கழியிலேயே ஆரம்பித்துவிட்டது என்றேன். உன் கோலத்தில் வலப்பக்கம் இழை இழையாக இருக்கும், இடப்பக்கம் ஒரு புள்ளிகூட இருக்காது. பொங்கலன்று இலையின் இடப்பக்கம் வைத்த வடையைத் தொடாமலே எழுந்தாய். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் கெஞ்சியபோது, அரைக்கோலம் வீட்டுக்கு ஆகாது என்று அவர் சிரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நக்கோமா, வேணாம், அதெல்லாம் எழுதாதீங்க. கோலம் தப்பாப் போறது ஒரு வியாதியா? இவ உப்பு புளிக்கே கணக்கு எழுதுறவ. இப்ப எனக்கும் எழுதுறா" என்றார்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "ஆன்ட்டி, லெஃப்ட் சைடு மொத்தமும் விட்டுட்டாங்களா? டாக்டருங்க அதை நெக்லெக்ட்னு சொல்லுவாங்க."

என் இங்கிலீஷ் அகராதியை வைத்து நானாகக் கற்றது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். புறக்கணிப்பு, கவனியாமை என்று போட்டிருந்தது. உன் மூளை ஒரு பக்கத்தைப் புறக்கணித்ததற்குப் பேர் இருக்கிறது. உன்னை முழுசாகப் புறக்கணித்ததற்கு டாக்டர்கள் என்ன பேர் வைத்திருக்கிறார்கள்?

உன் மேலும் எனக்குக் கோபம்தான். டாக்டரிடம் போக வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். "அவரு சொல்லட்டும்டி" என்று உள்ளே போனவள் நீ.

முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சொல்ல முடியாது ஆன்ட்டி. அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறோம்" என்றாள். ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. பிள்ளையாரிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தலை போனதும் வேறு தலை வைக்க அவருக்கு அப்பா இருந்தார். உனக்கு யார் இருந்தார்கள்?

இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னதால் அவள் மறுபடியும் வருகிறாள். நேற்று அத்தான் போன் செய்தார். "மாத்திச் சொல்லு. இல்லேன்னா அவ திவசத்துக்கு இந்த வீட்டுப் படி ஏறாதே."

ஏறப்போவதில்லை, அக்கா. அன்று உனக்காக என் வீட்டில் பட்டினி கிடப்பேன். அந்தப் பெண் எத்தனை தடவை வந்து கேட்டாலும் மார்கழி என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

உனக்குப் பின் பிறந்து, நீ இல்லாமல் மூத்துக்கொண்டிருக்கும் தங்கை,
ராஜி