வரப்பில் நிறுத்திய டிராக்டர்

அன்புள்ள அப்பாவுக்கு உமாராணி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாளா? போலந்தில் நானும் அவரும் மகள் ஆதிரையும் சுகம்.

நேற்று எல்லையருகே ட்ரோன் வந்ததாகச் சைரன் ஊதியதால் ஆதிரையின் பள்ளியில் பிள்ளைகளை நிலவறைக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்தார்களாம். பயப்பட ஒன்றுமில்லை.

"ஏட்டி, உக்ரைன் சண்டைக்கு போலந்துக்காரவிய எதுக்கு ஆயுதம் குடுக்காவ? நீ பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு" என்று போனில் சொன்னீர்கள். அப்போது ஆதிரை பக்கத்தில் இருந்ததால் இதில் எழுதுகிறேன்.

மாமா இறந்த பிறகு, கற்பகம் அத்தையின் புஞ்சைக்குள் பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சால் தள்ளித் தள்ளி உழுதாரே. நீங்கள்தான் வரப்பின் குறுக்கே டிராக்டரை நிறுத்தினீர்கள்.

"உமக்கு என்னவே இதுல?" என்றார் அவர்.

"இத விட்டா நாளைக்கு எவன் வரப்பு நிக்கும்வே?" என்றீர்கள்.

இங்கும் அதுதான் அப்பா. உக்ரைன்மேல் படையெடுத்து வந்தவரை அவர் நாட்டில் ஏன் என்று கேட்டால் சிறை. இங்கே விலைவாசிக்காக ரொட்டிக்கடையில் நின்று அரசைத் திட்டுகிறார்கள். திட்டுகிற அந்த வாய் நாளைக்கும் இருக்க வேண்டும் என்றுதான் உதவுகிறார்கள்.

கீழ்வீட்டு ஒக்சானா உக்ரைன்காரி. இரவு வேலைக்குப் போகும்போது மகளை என்னிடம் விடுவாள். போன வாரம் அவள் கணவர் போர்முனையில் இறந்த செய்தி வந்தது. அன்றும் வேலைக்குப் போனாள்.

சுக்கு அனுப்புங்கள். கடலைமிட்டாய் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. அம்மாவின் சேலை ஒன்று, துவைக்காமல்.

ஒக்சானாவின் மகள் விழித்து அழுகிறாள், முடிக்கிறேன். அன்று அம்மா அழுது கூப்பிட்டும் நீங்கள் டிராக்டரை எடுக்கவில்லை. என்னையும் கூப்பிடாதீர்கள் அப்பா.

உமாராணி