கலப்படச் சாமியை வரவழைத்தவர்கள்

கதை நடத்தியவனே,

இன்று காலை அச்சகத்தில், பிழை திருத்துவதற்காக ஒரு சுவரொட்டியின் படியை என் மேசையில் வைத்தார்கள். அதைச் சுற்றியிருந்த வேஸ்ட் தாளை விரித்தேன். மை சரியாக ஏறும்வரை இயந்திரத்தில் திரும்பத் திரும்ப ஓட்டப்பட்ட தாள். முருகன் முகத்தின் மேல் லட்சுமியின் கைகள், அவற்றின் மேல் ஒரு பூச்சட்டிப் பட்டாசு லேபிள், அதற்கும் மேல் ஏதோ ஜவுளிக்கடை விளம்பரக் குழந்தையின் சிரிப்பு. கண்களை எண்ணினேன். ஏழு. ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை.

நீ இறந்துபோய் நாற்பது நாள் ஆகிறது. அதுவரை வராத அழுகை அந்தத் தாளைப் பார்த்ததும் வந்தது.

விருதுநகர்க் கல்லூரியில் நான் வேதியியலும் நீ ஆங்கிலமும் படித்துவிட்டு, நான் பட்டாசு ஆலையில் போர்மேன் ஆனேன். நீ இதே அச்சகத்தில் காலண்டர் சாமிகளுக்குக் கணினியில் நிறம் திருத்துபவன் ஆனாய். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரௌசிங் சென்டரில் நீ கண்டெடுத்த ஒரு விளையாட்டின் விதிகளை அச்சகத் தாளிலேயே நகலெடுத்து வந்தாய். ஒருவர் கதை நடத்த வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் மனிதர்களாக நடமாட வேண்டும். விண்வெளிக்கு அப்பாலிருந்து ஒரு கொடிய தெய்வம் வரும். அதைப் பார்த்தவர்களுக்குப் புத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். பலமுகப் பகடை நம் ஊரில் கிடைக்காததால் அட்டையைச் சீட்டுகளாக வெட்டி, ஒன்று முதல் நூறு வரை எழுதி, ஒரு பூச்சட்டிப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினாய். ஞாயிறு பிற்பகல்களில் அச்சகத்தின் வெட்டு மேசைதான் நமக்குக் களம். நீ, நான், ஆஃப்செட் இயந்திரம் ஓட்டும் கருப்பசாமி.

வெளிநாட்டுத் தெய்வத்தின் பெயர் கருப்பசாமியின் வாயில் நுழையவில்லை. அதனால் நீ ஒரு வேஸ்ட் தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினாய். "இதுதாம்லே நம்ம சாமி. கலப்படச் சாமி." அடுத்த வாரம் போனால் அந்தத் தாளில் குங்குமம்.

"ஏலே கருப்பசாமி, இது கெட்ட சாமிலே. இதுக்குப் போயி பொட்டு வச்சிருக்கே?" என்று கேட்டாய்.

"உள்ள முருகனும் இருக்காருல்லண்ணே. மத்ததுக எக்கேடும் கெடட்டும். அவரு மூஞ்சிக்கு நேரா பாத்துத்தான் வச்சேன்."

நீ சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு நீ சொன்னது இருபது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. "காலண்டர் சாமி நம்மளப் பாக்கும் மாப்ள. காலண்டர் அடிக்கக் குடுக்குற பார்ட்டி மொதல்ல கேக்குறதே அதத்தான், கண்ணு நம்மளப் பாக்கணும்னு. இது பாக்காது. நாம இருக்கமா செத்தமான்னு இதுக்குத் தெரியாது. ஆனா கூப்பிட்டா வரும். வந்தா திங்கும்."

நகலெடுத்த விதிகளில் இல்லாத ஒன்றை நீயே சேர்த்தாய். கலப்படச் சாமி தானாக வராது, யாராவது ஒரு மனிதன் வரவழைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நீ கேட்பாய்: "வரவழைச்சது யாரு?" நாங்கள் ஒரு மனிதப் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாமி அடுத்த வாரமும் வரும். கருப்பசாமி ஒருமுறை "விதிண்ணே" என்று சொல்லிப் பார்த்தான். "விதிக்கு ஊரு எது, தெரு எது? பேரச் சொல்லுலே" என்றாய்.

அந்த ஆண்டு ஆடியில் எங்கள் ஆலை எல்லையிலிருந்த அம்மனுக்கு வழக்கமான படையலை நிறுத்தினார்கள். ஆர்டர் குவிந்திருந்தது, ஒரு நாள் வேலையை விட மேனேஜருக்கு மனமில்லை. அடுத்து வந்த சனிக்கிழமை மாலை, கலந்த வெடிமருந்து மீந்துவிட்டது. வைத்திருந்தால் தானே பற்றிக்கொள்ளும், மீந்ததை அன்றே அழித்துவிட வேண்டும் என்பது போர்மேன் தேர்வில் நானே எழுதிய விடை. மேனேஜர், "திங்கக்கிழமை மொத வேலையா அத முடிச்சிருவோம் சார், லோடு நிக்குது" என்றார். நான் அறையைப் பூட்டினேன். திங்கள் காலை நானே திறந்து, வேலைக்கு வந்த பேச்சியம்மாளையும் முத்துலட்சுமியையும் உள்ளே அனுப்பிவிட்டு அடுத்த அறையை நோக்கி நடந்தேன். பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் வெடித்து, அவர்கள் இருவரோடும் அந்த அறை இல்லாமல் போயிற்று.

அம்மன் கோபம் என்று ஊர் பேசியது. "படையலை நிறுத்துனாக, தாயி கோவிச்சுக்கிட்டா" என்று பேச்சியம்மாளின் கணவரே என்னிடம் சொன்னார். மேனேஜர் அதை மறுக்கவில்லை. நிறுத்திய படையலை மறுவாரமே தடபுடலாக நடத்தினார். சந்நிதியில் அழுதார். அழுது முடித்துவிட்டு அலுவலகத்துக்கு வந்து ஒரு தாளை என் முன் நீட்டினார். பேச்சியம்மாள் கவனமின்றி மருந்துத் தட்டைத் தரையில் இழுத்ததால் விபத்து என்று அதில் தட்டச்சாகியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். ஊருக்கு அம்மன், அரசாங்கத்துக்குப் பேச்சியம்மாள். இரண்டுக்கும் நடுவில் ஆலை நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் பெயரும் இல்லை. என் பெயரும் இல்லை. எனக்கு அன்று முதலில் தோன்றியது ஆறுதல்தான் என்பதை உன்னைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை உன்னிடம் கொண்டுவந்தேன். நீ அதைப் படித்தாய். அறிவுரை எதுவும் சொல்லாமல் சீட்டுப் பெட்டியைக் குலுக்கினாய். வழக்கம்போல் ஆட்டம் நடந்தது. முடிவில் வழக்கம்போல் கேட்டாய்.

"வரவழைச்சது யாரு?"

ஆட்டத்தில் வந்த ஒருவன் பெயரைச் சொன்னேன்.

"ஆட்டத்தக் கேக்கல மாப்ள."

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். "வைக்கச் சொன்னது மேனேஜர். பூட்டுனது நான். தொறந்ததும் நான்."

கருப்பசாமிதான் முதலில் பதறினான். "சார், அப்படியே எழுதிக் குடுத்தா உங்களையுமில்ல உள்ள வச்சிருவாக?"

"வைக்கட்டும்" என்றாய் நீ. "வாராவாரம் சீட்டுப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நாம ஜெயிலுக்குப் போவோம். அங்கன பெரிய கூட்டமாச் சேக்கலாம், ஆட்டம் களை கட்டும்." பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, என் பக்கம் தள்ளினாய். நான் எழுதி முடிக்கும்வரை நீ எழுந்திருக்கவில்லை.

அந்த வாக்குமூலத்தால் பேச்சியம்மாளின் பெயர் குற்றத்திலிருந்து நீங்கியது. வழக்கு மேனேஜர் மீதும் என் மீதும் திரும்பி, ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சிவகாசியில் எந்த ஆலையும் என்னை உள்ளே விடவில்லை. நீதான் முதலாளியிடம் பேசி, எனக்கு இந்தப் பிழை திருத்தும் மேசையை வாங்கித் தந்தாய். ஒருநாள் பேச்சியம்மாளின் கணவர் இங்கே வந்தார். நன்றி சொல்ல வரவில்லை. "ஏன் சார் தொறந்தீக?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றார். அவர் போனபின் நீ இரண்டு தேநீர் வாங்கி வந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். உனக்கு நான் பட்ட கடனில் பெரியது அதுதான்.

இன்று வந்த சுவரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் இறந்துபோன மூன்று பேருக்கு அந்த ஆலை நிர்வாகமே ஒட்டும் அஞ்சலி. 'விதியின் விளையாட்டால் எங்களைப் பிரிந்த' என்று தொடங்குகிறது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நேர்த்தியான சுவரொட்டி. சிவப்பு மையை எடுத்து அந்த முதல் வரியை அடித்தேன். ஓரத்தில், 'வரவழைத்தது யார்? பெயர் விடுபட்டுள்ளது' என்று எழுதினேன்.

கருப்பசாமிக்கு இப்போது தலை முழுக்க நரை. எட்டிப் பார்த்துவிட்டு, "பார்ட்டி சண்டைக்கு வருவாகளே சார்" என்றான். வரட்டும் என்றேன். அந்த வரியை அவர்கள் மறுபடி சேர்த்துத்தான் அச்சடிப்பார்கள், எனக்குத் தெரியும். அதற்கு முன் அவர்களில் ஒருவராவது ஓரத்தில் இருக்கும் கேள்வியைப் படித்தாக வேண்டும்.

அந்த ஏழு கண் தாளை என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். மாலையில் பார்த்தால் முருகன் நெற்றிக்கு நேராகக் குங்குமம். நீ கேட்ட கேள்வியை நான் எவரிடமும் கூசாமல் கேட்கிறேன். முதல் பதிலாக என் பெயரை நானே சொல்ல வைத்தாய், அதனால் முடிகிறது.