ஜீப் கவிழ்ந்த கதை

1981, ஐப்பசி, வெள்ளி இரவு

சிலமலையில் நாத்தனார் வீட்டு விருந்து. சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார். போன வருஷம் ஏலக்காய் மூட்டைகளோடு போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப் கவிழ்ந்து, என் கால் முறிந்த கதை. நான் கத்தியதை அப்படியே கத்திக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கா மதினி?" என்று நாத்தனார் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். எலும்பு வெளியே தெரிந்தது ஞாபகம் இருக்கிறது. வலி எப்படி இருந்தது என்று மட்டும் நினைவில்லை. ஆனால் ஜீப்புக்கு அடியில் கிடந்தபோது காதில் விழுந்த பேச்சு அப்படியே இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

"வலி மறந்துபோச்சு. 'மொதல்ல மூட்டையத் தூக்குங்கடா, நனைஞ்சிரும்'னு ஒங்க அண்ணன் சொன்னதுதான் மறக்கல."

சிரிப்பு நின்றது. அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"மழை பேஞ்சுச்சுல்ல, பெறகு என்ன செய்யச் சொல்றே?" என்றார்.

"அதுவும் சரிதானே மதினி" என்றாள் நாத்தனார்.

வீட்டுக்கு வந்தோம். அவர் பக்கத்தில் படுக்கவே அருவருப்பாக இருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்துவிட்டேன். நாளைக்கும் இங்கேதான் படுப்பேன்.