செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வீட்டைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், முழங்கால் தவிர. அவள் என்னைப் பற்றி ஏற்கெனவே உன்னிடம் புகார் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேள். நீ வாங்கப்போகும் ஃபிளாட்டின் படங்களைப் பார்த்தேன், நல்ல வெளிச்சம். ஆனால் இரண்டு முறையும் ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறாயே, அதனால்தான் இந்தக் கடிதம். பதினெட்டு வருஷத்துக்கு முன் உன் மாமா இந்த வீட்டை என் தலையில் கட்டியதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மூன்று முறை கூட்டி வந்தார். "கேட்டீங்களா மச்சான், குருவிச் சத்தம்தான்" என்றார். நானும் படித்த முட்டாள், பத்திரத்தை வரிவரியாகப் படித்தேன், வில்லங்கம் பார்த்தேன், பின் ஜன்னலுக்கு அப்பால் இருப்பது தகரப் பட்டறை என்பதையும் அதற்கு ஞாயிறு விடுமுறை என்பதையும் மட்டும் பார்க்கவில்லை. நீ பரீட்சைக்குக் காதில் பஞ்சு வைத்துப் படித்தது மறந்திருக்காது. மாமாவைக் கேட்டதற்கு, "நீங்க கேக்கல, நான் சொல்லல" என்றார். அதை நான் இன்னும் செரிக்கவில்லை, செரிக்கவும் மாட்டேன்.

இப்போது அம்மாவால் இரண்டு மாடி ஏறி இறங்க முடியவில்லை. இதை விற்றால்தான் தரைத்தளத்தில் ஒன்று வாங்கலாம். விற்றுத் தருகிறேன் என்று வந்து நிற்பவரும் அதே மாமாதான், அதே ஞாயிற்றுக்கிழமைதான். செவ்வாய் காலை பதினோரு மணிக்கு, பட்டறையில் தகடு அடிக்கிறபோது வந்து பார்க்கிறவருக்குத்தான் விற்பேன் என்றுவிட்டேன். ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் காபியைக்கூட முடிக்காமல் இறங்கிப் போனார். "ஊருக்கு உத்தமர், என் முழங்காலுக்கு எமன்" என்கிறாள் அம்மா. போன ஞாயிறு நான் வெளியே போன நேரம் பார்த்து மாமா ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்து காட்டிவிட்டார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று பேச்சு. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். நான் நம்பரை வாங்கி, "செவ்வாய்க்கிழமை ஒருதடவை வாங்கம்மா, பின்ரூம்ல பத்து நிமிஷம் உக்காந்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். "சொந்த வீட்டுக்கே கொள்ளி வைக்கிறீங்களே மச்சான்" என்று மாமா குதித்தார். என் வீடு, என் கொள்ளி என்றேன்.

இன்று வந்தார்கள். பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. அந்தப் பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள். இரண்டு நாளாகப் பேசாத அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நாளைக்கு டாக்டரைப் பாக்கணும். யாரு என்னைக் கீழ இறக்குறது?" நான் தூக்கிக்கொண்டு இறங்குவேன். திரும்ப ஏறவும் செய்வேன். மாமா கீழே நின்று பார்க்கட்டும்.

நீங்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்குகிற வீடு உங்களுக்கு அமையட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை நாளில் போய் ஜன்னல்களைத் திறந்து வைத்து உட்கார். விற்கிறவர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு. விற்கிறவர் உறவுக்காரர் என்றால் இரண்டு முறை போ.

விற்காத வீட்டிலிருந்து,
அப்பா