இதில் உன் பெயர் எது?

தம்பி,

இன்று பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டைப் பற்றவைக்க ஆள் வந்திருந்தான். எட்டாம் வகுப்பில் அமிலங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்தது. கருகிய இரும்பும் வெல்டிங் ராடின் புகையும் கலந்த வாடை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் மாதுங்கா அறைக்கு வந்தாலும் உன் தலைமுடியில் அது கொஞ்சம் மிச்சமிருக்கும். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். புழுக்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் முனகினார்கள். திறக்கச் சொல்லவில்லை.

மதியம் ஒரு தகப்பனார் வந்தார். தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர். மகன் பதினொன்றாவது முடிக்கப்போகிறான்.

"டீச்சர், டைப்பு சார்ட்ஹேண்டுக்கு விடட்டா, ஐடிஐயில வெல்டர் படிக்க விடட்டா? டெக்னிகல் கைக்குத்தான் இனிமே காலம்னு பேப்பர்ல போடுதானே, நெசமா?"

யோசித்துச் சொல்கிறேன், நாளை வாருங்கள் என்றேன். பத்திரிகைகள் எதைத்தான் போடவில்லை? நீயாக இருந்தால் அவர் கேட்டு முடிக்குமுன் பதில் சொல்லியிருப்பாய். என்னிடம் எத்தனை முறை சொன்னாய்! "யக்கா, ஆபீஸ்காரன் நாற்காலிய எவன் வேணாலும் பிடுங்கிருவான். எங் கைய எவன் பிடுங்குவான்?"

அந்த நாட்களில் எனக்கும் அதில் பாதி நம்பிக்கை இருந்தது. செம்பூர்ப் பக்கம் புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். "நீ பி.எஸ்ஸி. படிச்சு மாசம் பூரா தொண்டத்தண்ணி வத்தக் கத்தி வாங்குத சம்பளத்த, பெர்மனன்ட் வெல்டரு ஓவர்டைம்லயே வாங்கிருவான், தெரியுமா?" என்று ஒருநாள் சீண்டினாய். நான் கோபத்தோடு விசாரித்துப் பார்த்தேன். நீ சொன்னது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் கனமான சொல் வெல்டர் அல்ல, பெர்மனன்ட். ஒரே குழாயை, ஒரே வெக்கையில், பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேர் ஒட்டுவீர்கள். ஒருவனுக்கு போனஸ், மருத்துவம், சம்பளத்தோடு லீவு. இன்னொருவன் மறுநாள் காலையில் காண்டிராக்டர் கூப்பிட்டால்தான் தொழிலாளி. நீ அந்த இன்னொருவன். உனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, பெரிய கம்பெனி ஒன்றின் பெர்மனன்ட் ஏட்டில் சொந்தப் பெயரில் ஒரு டிக்கெட் நம்பர்.

அதற்குப் பரிட்சை உண்டு. கூப்பிடும் பெயருக்குச் சீட்டைக் காட்டிவிட்டு ஒரு தடுப்புக்குள் போய், முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு, இரும்புத் துண்டுகளை ஒட்ட வேண்டும். ஒட்டியதை அறுத்து வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் கண்டால் போய்விட வேண்டியதுதான். உன் ஒட்டு விரிசல் கண்டதே இல்லை. அம்மா எவ்வளவு அடித்தும் மாறாத உன் இடதுகை, ராடைப் பிடித்தால் மட்டும் பெரிய மனிதத்தனமாக நிதானமடையும் என்று நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் முகமூடிக்குள் இருப்பது யார் என்று எவரும் பார்ப்பதில்லை. அதுதான் உங்களுக்கு வழியாகிவிட்டது. தாராவியில் நம் பக்கத்துப் பையன்களில் பரிட்சை என்றால் உதறுகிறவர்களுக்காக, அவர்கள் சீட்டோடு நீ போய் ஒட்டிவிட்டு வருவாய். அதை நீங்கள் ஒருவரும் தப்பு என்றே நினைக்கவில்லை. உன் ஒற்றை அறைக் கோலிக்கு அடுத்த கோலியில் இருந்த சுடலைமுத்துவுக்காக நீ போய் வந்த அன்று நான் சண்டை போட்டேன்.

"நாளைக்கு அவன் ஒட்டின குழாய் வெடித்தால் யார் பொறுப்பு?"

"வெடிக்காதுக்கா. பட்டறையில எங்கூட நின்னு படிச்ச பயதான். ஆபீசரக் கண்டா கை நடுங்குது, அம்புட்டுதான். பொண்ணு பாக்கப் போறவனுக்குச் சட்ட இரவல் குடுக்க மாட்டமா?"

"சட்டையைத் திருப்பித் தருவான்."

"இவனும் தருவான், பாரு."

"உனக்காக எப்போது போவாய்?"

"எனக்கென்ன, என்னைக்குப் போனாலும் பாஸு. மொதல்ல இவனுவ போவட்டும்."

அப்படி மூன்று பேர் உள்ளே போனார்கள். மூவருக்கும் செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பெர்மனன்ட். நாலாவதாக நீ உன் சீட்டோடு போனாய். அதற்குள் பரிட்சை செய்யப் புதிதாக ஒரு வயதான இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பழைய பரிட்சைத் துண்டுகளையெல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவர். உன் துண்டை வளைக்கக்கூட இல்லையாம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாராம். எல்லோருடைய ஒட்டிலும் இரும்பு உறைந்த அலைக்கோடு ஒரு பக்கமாகச் சாயும், இடதுகை ஒட்டான உன்னுடையதில் மறுபக்கமாக. எழுந்து போய் அலமாரியிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்து வந்து, பெயர் எழுதிய பக்கம் தெரிய உன் துண்டுக்கு அருகில் வைத்தார். "இஸ்மே தேரா நாம் கௌன்ஸா ஹை?" என்று கேட்டாராம். இதில் உன் பெயர் எது?

அன்று மாலை என் அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாய். நான் சிரிக்கவில்லை.

"நீ என்ன சொன்னாய்?"

"என்னத்தச் சொல்ல? ஒத்துக்கிட்டா மூணு வீட்டு அடுப்புல்லா அணையும். நாலுமே எம்பேரு இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு அந்தக் கேட்டில் உன் முகத்துக்கு இடமில்லை. மற்றக் கேட்டுகளிலோ வேலை மந்தம் என்றார்கள். இருந்த வேலைக்கும் மதராசி வேண்டாம் என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பியிருந்தது. உன் பெயரைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார்கள் என்றாய். தினமும் காலையில் செம்பூர் நாக்கா முக்கில் கூலிக்கு நிற்கிறவர்களோடு நீயும் நின்றாய். ஜன்னல் கம்பி, கட்டில் கால், கைவண்டி அச்சு. அதுவும் இல்லாத நாட்களில் வீட்டுக்குச் சீக்கிரம் போனால் உன் பெண்சாதி பேச்சி கண்டுபிடித்துவிடுவாள் என்று சயான் வரை நடந்துவிட்டுத் திரும்புவாய். நான் கொடுத்ததை வாங்க மாட்டாய். பிள்ளைகள் கையில்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் சுடலைமுத்துவுக்கு டைபாய்டு வந்தது. அவனுக்கு லீவெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. தொழிற்சாலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் நேரம், வராதவன் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். உள்ளே போகிறவர்களுக்கு அப்போது படம் ஒட்டிய பாஸ் கிடையாது, நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லைதான்; முகத்தை எவரும் பார்ப்பதில்லை. அடுத்த ஞாயிறு நீ வந்தபோது உன் முகம் தெளிந்திருந்தது.

"யக்கா, உள்ள போயிட்டேன்."

"எந்தப் பெயரில்?"

"சட்ட திரும்பி வந்துட்டு," என்று சிரித்தாய். அவன் எழுந்து நடக்கும்வரைதான் என்றாய். அதற்கிடையில் யாராவது ஒரு ஃபோர்மேன் உன் வேலையைப் பார்த்துப் பிடித்துப்போய், பழையதை மறந்து, உன்னை உன் பெயரிலேயே எடுத்துக்கொள்வான் என்று நீ நினைத்தது எனக்குத் தெரியும். நான் அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை. ஆனாலும் அன்று மறுத்துப் பேசவில்லை. நீ இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாய்.

டாங்கின் உள்ளே இறங்கி ஒட்டச் சொன்னார்களாம். உள்ளே மிச்சமிருந்த வாயுவை வெளியேற்றினார்களா என்று எவரும் பார்க்கவில்லை. உன்னை வெளியே தூக்கும்போதே மூச்சு இல்லை.

கம்பெனியிலிருந்து ஒரு தமிழ்க் குமாஸ்தா தாராவிக்குச் சேதி சொல்ல வந்தார். வில்லை நம்பரைப் பார்த்து விலாசம் எடுத்திருந்தார். சுடலைமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"சுடலைமுத்து வீடு இதானே? வீட்டுல பெரியவங்க யாருப்பா?"

"நாந்தான் சுடலைமுத்து. என்ன விசயம்?"

குமாஸ்தா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இல்லப்பா. சுடலைமுத்து காலையில தவறிட்டாரு."

அவன் கம்பளியைக் கீழே போட்டுவிட்டு, காய்ச்சலோடு, உன் வீட்டு வாசலுக்கு ஓடி அங்கே விழுந்தான்.

சாயங்காலம் உன் கோலியில் கூட்டம். நம் ஊர்க்கார மேஸ்திரி ஒருவர் மெதுவான குரலில் ஒரு வழி சொன்னார். காகிதத்தில் செத்தவன் பெர்மனன்ட் தொழிலாளி. அவன் பெண்சாதிக்கு நஷ்டஈடு வந்தே தீரும். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அதை அப்படியே பேச்சி கையில் கொடுத்துவிடலாம். சுடலைமுத்து அழுதுகொண்டே தலையாட்டினான். "நான் செத்தவனாவே இருந்துக்கிடுதேன், டீச்சர். ஊருக்குப் போயிருதேன். அங்க எவன் கேக்கப் போறான்?"

படித்தவள் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த உன் இரண்டு பெண்களையும் நான் பார்த்தேன். சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன்.

பேச்சி என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மதினி," என்றாள். "ஒரு தடவயாவது சொந்தப் பேருல அந்தக் கேட்டுக்குள்ள போயிரணும்னு கெடந்தாக. உள்ளதான் போவல. வெளிய வாரதாவது சொந்தப் பேருல வரட்டும்."

மறுநாள் நானும் சுடலைமுத்துவும் போய் உண்மையைச் சொன்னோம். மற்ற இரண்டு பேரைப் பற்றி மூச்சு விடவில்லை. உன்னை அடையாளம் காட்டி, உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி மரியாதையானவர்தான், எனக்கு நாற்காலி போட்டார். இறந்தவர் எங்கள் தொழிலாளி இல்லை என்றால் எங்களுக்கு அவரிடம் என்ன கடமை என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் டாங்கில், உங்கள் ஃபோர்மேன் சொன்ன வேலையைச் செய்தபோது செத்தான் என்றேன். "அவரை உள்ளே வரச் சொன்னது யார், மேடம்?" என்றார். சுடலைமுத்துவின் வேலையும் அன்றோடு போனது. அந்தக் கம்பெனிக் காகிதத்தில் உன் பெயர் முதல்முறையாக ஏறியது, அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தவன் என்று.

பேச்சி இப்போது மாதுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். சுடலைமுத்து நாக்காவில் நிற்கிறான். கூலி கிடைத்த அன்று அரிசி வாங்கி அவள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். சில நாள் அவள் அதை எடுத்துக்கொள்கிறாள், சில நாள் அவன் பெண்சாதியிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறாள். மாதக் கடைசியில் அவள் கை வெந்து வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது, அன்று அவளைப் பேசவிடாமல் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. செத்தவனுக்குப் பெயர் எதற்கு? பிறகு அவள் ரேஷன் கடை வரிசையில் உன் பெயரை உரக்கச் சொல்லி, இன்னார் வீடு என்பதைக் கேட்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, தம்பி. நாளை அந்தத் தகப்பனார் வருவார். கைத்தொழில் கைவிடாது என்று அவரிடம் சொல்ல என்னால் முடியாது. டைப் அடித்தால் பிழைத்துக்கொள்வான் என்றும் நம்பவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறொன்று. உன் மூத்தவள் இந்த வருஷம் என் வகுப்பில்தான் படிக்கிறாள். இன்று கடைசிப் பாடவேளையில் வருகைப் பதிவு எடுத்தேன். அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டதும் "பிரசென்ட் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த இடம் காலி. உன் மகள்தான் தலையைக் குனிந்துகொண்டு குரல் கொடுத்திருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அழவில்லை. "அவங்க அம்மாவுக்குச் சொகமில்ல அத்த. ரொம்ப நாள் வரலன்னா பேர வெட்டிருவாங்கல்லா, அதான்," என்றாள். அடிக்கவும் தோன்றவில்லை, அணைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிமேல் யார் பெயருக்கும் குரல் கொடுக்காதே என்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேட்பாள் என்றும் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது, தம்பி.