அம்மா வீணாக்காத பாலேடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பதறாமல் படி. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, ஆபரேஷன்தான் வழி, தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்பது அவள் கட்டளை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

எனக்கு மாரடைப்பு வந்த பிறகு நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறியதில்லை என்பது உனக்குத் தெரியும். அவித்த காய், கீரை, பருப்பு, ஏடு எடுத்த பால் என்று கொடுத்தே என்னைத் தேற்றினாள். அந்த ஏடு எங்கே போனது என்பது டாக்டர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த ஏடு மட்டுமில்லை, என் தையல் கடைக்கு வருகிறவர்கள் அன்பாகக் கொடுத்த இனிப்பு, சித்தி அனுப்பிய நெய், பக்கத்து வீட்டு வறுவல், எல்லாவற்றையும் அவளே தின்று தீர்த்திருக்கிறாள். "தூக்கிப்போட மனசு வரலை, இவர் கண்ணுல படாம இருந்தாப் போதும்னு பாத்தேன்" என்றாள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். எனக்கு வந்த கோபத்தில் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

இப்போது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். "நீங்க எண்ணெயில்லாம வாய்க்கு விளங்குற மாதிரி சமைக்கக் கத்துக்கிட்டாத்தான் போடுவேன், இல்லாட்டி நான் படுத்ததும் ஓட்டல்ல போய் உட்காருவீங்க" என்கிறாள். துணி வெட்டிய கைதானே, பீன்ஸை அளவு பிசகாமல் வெட்டிவிட்டேன், வேகவிட மறந்தேன். மறுநாள் கூழாகிவிட்டது. தினமும் தூக்குப்பாத்திரத்தோடு போகிறேன், தினமும் ஃபெயில்தான்.

நேற்று பூசணியும் பருப்பும் வேகவைத்து எலுமிச்சை பிழிந்து கொண்டுபோனேன். நர்ஸம்மாகூட வாசனை நன்றாக இருக்கிறது என்றார். அம்மா ஒரு துளி விடாமல் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நல்லாவே இல்லை, இன்னும் நாலு நாள் போகட்டும்" என்றாள்.

பயப்படுகிறாள் பாப்பா. எனக்கும் பயமாக இருக்கிறது. நீ புறப்பட்டு வா. அவள் கையைப் பிடித்துக்கொள்ள என் ஒரு கை போதவில்லை.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசி. ஒன்றை மறக்காதே, மாப்பிள்ளை தட்டில் மிஞ்சியதை நீ தின்று தீர்க்காதே.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா